பாஸ்பரஸுக்கு மதிப்பெண், ஏ.டி.பி.க்கு இல்லை

‘உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானிகள்’ பட்டியலில் எங்கள் பேராசிரியர்கள் என்று ஆண்டுதோறும் ஏதாவது ஒரு கல்லூரி வாசலில் ஃபிளெக்ஸ் பேனர் முளைக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜான் அயோனிடிஸ் குழு தயாரிக்கும் பட்டியல் அது. ஒருவர் எழுதிய ஆய்வுக் கட்டுரைகளைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்பதுதான் அதன் அடிப்படை. இந்தக் கணக்கில் எது ஏறும், எது ஏறாது என்று பார்க்க, எல்லாப்ரகட சுப்பாராவைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டார்.

பீமவரத்தில் 1895-ல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அறுவை வகுப்புக்குக் கதர் அங்கி அணிந்து போனதில் ஆங்கிலேயப் பேராசிரியருக்குக் கோபம். எம்.பி.பி.எஸ். கிடைக்க வேண்டியவருக்கு அதைவிடத் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது. 1923-ல் பாஸ்டன் போய்ச் சேர்ந்தார். பிறகு ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயுடன் ஆய்வில் இறங்கினார்.

இருவரும் 1925-ல் வெளியிட்ட கட்டுரை, பாஸ்பரஸை அளக்க ஒரு வழி சொன்னது. மாதிரியில் அமிலமும் மாலிப்டேட்டும் சேர்த்தால் பாஸ்பேட் மாலிப்டேட்டோடு இணையும். அடுத்து ஒடுக்கும் வேதிப்பொருள் ஒன்றைச் சேர்த்தால் குழாயில் நீலம் பரவும். நீலம் அடர்ந்தால் பாஸ்பரஸ் அதிகம், வெளிறினால் குறைவு.

இதே சோதனையைத் தசைச் சாற்றில் செய்தபோது ஒரு கோளாறு. நீலம் வரவேண்டிய வேகத்தில் வரவில்லை; நேரம் போகப் போகத்தான் மெல்ல ஏறியது. ரசாயனம் கெட்டுவிட்டது என்று குழாயைக் கழுவி வைப்பவர்கள்தான் அதிகம். இவர்கள் ஏன் என்று கேட்டார்கள். நிலையில்லாத ஒரு பாஸ்பரஸ் சேர்மம் அமிலத்தில் சிறிது சிறிதாக உடைந்து பாஸ்பேட்டை விடுவிக்கிறது என்று தெரிந்தது. அதுதான் பாஸ்போகிரியேட்டின். தசை இயங்கும்போது சிதைந்து, ஓய்வில் திரும்பவும் உருவாகும் சேமிப்பு அது. 1927-ல் இதை அறிவித்தார்கள். 1929-ல் உயிரணுக்களின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யைப் பிரித்தெடுத்தார்கள், அதே ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமானும் தனியாக அதைக் கண்டுபிடித்தார்.

இதில் எது பெரியது? பள்ளி மாணவரே ஏ.டி.பி. என்பார். மேற்கோள்களைப் பல ஆயிரக்கணக்கில் வாரிக்கொண்டதோ பாஸ்பரஸ் அளக்கும் கட்டுரை! காரணம் எளிது. பாஸ்பரஸை அளந்தவர் யாருடைய முறையில் அளந்தேன் என்று எழுதியாக வேண்டும். ஏ.டி.பி. பற்றி எழுதுபவர் 1929-ஐத் தேடிப் போகமாட்டார். அது பாடப்புத்தகத்தில் கரைந்துவிட்டது. ஒரு கண்டுபிடிப்பு எல்லோருக்கும் தெரிந்துவிட்டால் அதற்கு மேற்கோள் நின்றுவிடுகிறது.

சுப்பாராவுக்கு மட்டும் நேர்ந்ததல்ல இது. அதிக மேற்கோள் பெற்ற கட்டுரைகள் என்று ‘நேச்சர்’ இதழ் 2014-ல் வெளியிட்ட பட்டியலில் முதலிடம், புரதத்தை அளக்க ஆலிவர் லவ்ரி குழு 1951-ல் எழுதிய கட்டுரைக்கு. மேற்கோள்கள் 3 லட்சத்துக்கும் மேல். அது அப்படியொன்றும் மகத்தான கட்டுரை இல்லை என்று லவ்ரியே சொல்லியிருக்கிறார். டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் வடிவத்தைச் சொன்ன வாட்சன், கிரிக் கட்டுரை முதல் நூறிலேயே இல்லை.

2005-ல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் எச்-இண்டெக்ஸ் என்ற எண்ணைக் கொண்டுவந்தார். குறைந்தது 20 மேற்கோள் பெற்ற 20 கட்டுரைகள் இருந்தால் எச் 20. ஒற்றைக் கட்டுரையின் வீக்கம் இதில் அடங்கிவிடுகிறது. அந்த வகையில் நல்ல யோசனைதான். ஆனால் கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் பெயர் இல்லாதவருக்கு இதிலும் ஒன்றும் கிடையாது.

சுப்பாராவ் 1940-ல் லெடர்லே மருந்து நிறுவனத்துக்குப் போய், பின்னர் அதன் ஆய்வுப் பிரிவுக்குத் தலைமை ஏற்றார். ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது, ஆரியோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி, நம் ஊர்களில் யானைக்கால் நோய்க்கு வீடு வீடாகக் கொடுக்கும் டி.இ.சி. மாத்திரை எல்லாம் அங்கிருந்து வந்தவை. ஆரியோமைசினை அறிவித்த 1948-ம் ஆண்டுக் கட்டுரையில் பெஞ்சமின் டகர் பெயர் மட்டும் இருந்தது. ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு சிட்னி ஃபார்பர் கொடுத்துப் பார்த்த அமினோப்டெரின் மருந்தும் லெடர்லே தந்ததுதான். நோய் தற்காலிகமாகத் தணிந்தது என்று அதே ஆண்டு ஃபார்பர் எழுதிய கட்டுரைக்கு ஆசிரியர்கள் ஐந்து பேர். அவர்களில் சுப்பாராவ் இல்லை. அந்த ஆண்டிலேயே, 53 வயதில் அவர் இறந்துபோனார். 1925-ன் பாஸ்பரஸ் கட்டுரையை இன்றும் யாராவது மேற்கோள் காட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.