கடலடிக்குப் போய்வந்த வெப்பமானி

ஆழ்கடல் நீர் சூடாகிறதா, குளிர்கிறதா என்று சொல்லப் பழைய அளவு ஒன்று வேண்டும். அதைத் தந்தது 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிவந்த 'சேலஞ்சர்' என்ற பிரிட்டிஷ் கப்பல். அது கயிற்றில் கட்டி இறக்கிய கருவியின் பெயர் மில்லர்-கசெல்லா வெப்பமானி.

கொண்டை ஊசிபோல் வளைந்த கண்ணாடிக் குழாய். வளைவில் பாதரசம், ஒரு முனையில் திரவம் நிறைந்த குமிழ். குளிரில் திரவம் சுருங்கும்போது பாதரசம் அந்தப் பக்கம் ஏறி, எதிரே இருக்கும் சிறு எஃகு முள்ளைத் தள்ளும். முள்ளில் கட்டிய முடி குழாயின் சுவரைப் பிடித்துக்கொள்ளும். பாதரசம் திரும்பினாலும் முள் நகராது. கருவியை மேலே இழுத்து முள் நிற்கும் இடத்தைப் படிப்பார்கள். பிறகு காந்தத்தால் அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவார்கள்.

பெரிய தொல்லை அழுத்தம்தான். 2,000 மீட்டரில் அது காற்றழுத்தத்தைப்போல் 200 மடங்கு. குமிழ் நசுங்கினால் இல்லாத வெப்பத்தைக் காட்டும். அதனால் குமிழுக்கு மேல் இன்னொரு கண்ணாடி உறை. இடையில் முழுதும் நிரம்பாத ஆல்கஹால். மிச்சமிருந்த பிழையை, கப்பல் திரும்பியபின் எடின்பரோவில் இயற்பியலாளர் பீட்டர் டெய்ட் சோதித்துக் கணக்கிட்டார். அந்தப் பொறுமை இல்லையென்றால் இந்த எண்கள் இன்று எதற்கும் உதவா.

2012-இல் இவற்றை, கடலில் தானே இறங்கி ஏறி அளக்கும் இன்றைய ஆர்கோ மிதவைகளின் அளவுகளோடு ஒப்பிட்டார்கள். மேற்பரப்பு சுமார் 0.6 டிகிரி சூடாகியிருந்தது. ஆழம் கூடக் கூட வேறுபாடு குறைந்தது. 2019-இல் ஆய்வாளர்கள் ஜெஃப்ரி கெபியும் பீட்டர் ஹைபர்ஸும் இன்னும் கீழே பார்த்தபோது வியப்பான ஒன்று தெரிந்தது: பசிபிக்கில் 1.8 முதல் 2.6 கிலோமீட்டர் ஆழத்தில் நீர் லேசாகக் குளிர்ந்திருக்கிறது!

புவி சூடாகவில்லை என்பதற்கு இது சான்றல்ல. துருவப் பகுதிகளில் குளிர்ந்து, உப்பால் கனத்து அமிழும் நீர் வடபசிபிக்கின் ஆழத்தை எட்டப் பல நூறு ஆண்டுகள் ஆகும். இடைக்காலத்தின் இளஞ்சூட்டில் மேற்பரப்பை விட்டுப்போன நீர் நகர, 'சிறு பனியுகம்' எனப்படும் குளிர்ந்த நூற்றாண்டுகளின் நீர் இப்போதுதான் அங்கே வந்துகொண்டிருக்கிறது என்பது அவர்கள் விளக்கம்.

அதற்கும் கீழே, அண்டார்டிகாவிலிருந்து வரும் அடித்தள நீரோ 1990-களிலிருந்தே சூடாகிவருகிறது. பனித்தட்டுகள் உருகுவதால் ராஸ் கடல் பகுதியில் அதன் உப்பும் பல பத்தாண்டுகளாகக் குறைந்தது. இதைப் பின்தொடர இப்போது 6,000 மீட்டர்வரை இறங்கும் ஆர்கோ மிதவைகள் உண்டு. டிகிரியில் ஆயிரத்தில் சில பங்கு மாற்றத்தையும் அவை உணர்கின்றன.