கொடுத்த இரத்தமும் கொடாத சம்மதமும்

அமெரிக்காவில் அரிஸோனா மாகாணத்துக் கிராண்ட் கான்யன் என்னும் பெரும் பள்ளத்தாக்கின் அடியில், ஹவசுபாய் என்ற பூர்வகுடி ஜனங்கள் வசிக்கிறார்கள். சில நூறு பேரே கொண்ட சிறு சமூகம். நீரிழிவு வியாதி அவர்களை வெகுவாக வாட்டி வந்தது. 1990-ம் வருஷம் முதல் அரிஸோனா ஸ்டேட் சர்வகலாசாலையின் ஆராய்ச்சியாளர் இரத்தம் கேட்டபோது, இந்நோய்க்கு ஒரு வழி பிறக்குமென நம்பிச் சுமார் 200 பேர் கை நீட்டினார்கள்.

அந்த இரத்தம் குளிர்ப்பெட்டியில் சேமிக்கப்பட்டது. பின்னர் மற்ற ஆராய்ச்சியாளர் கைக்கும் சென்று, சித்த வியாதியைப் பற்றியும், நெருங்கிய உறவில் மணப்பதைப் பற்றியும், முன்னோரின் பூர்வீகத்தைப் பற்றியும் ஆராய உபயோகப்பட்டது. தாங்கள் அப்பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் என்பது அந்த ஜனங்களின் மத நம்பிக்கை. அதற்கு மாறான முடிவுக்கு அவர்களுடைய இரத்தமே சாட்சியாக்கப்பட்டது!

2003-ல் விஷயம் வெளியாகி, வழக்கு மூண்டது. 2010 ஏப்ரலில் சர்வகலாசாலையின் நிர்வாக சபையார் 41 பேருக்கு 7 லட்சம் டாலர் கொடுக்கவும், எஞ்சிய இரத்தத்தைத் திருப்பித் தரவும் இசைந்தனர். அதற்குள் இரத்தம் கொடுத்தவர்களில் சிலர் இறந்துவிட்டிருந்தனர். வழக்கு ராஜியில் முடிந்தமையால், நியாயம் எவர் பக்கம் என்பதைக் கோர்ட்டார் தீர்மானிக்கவில்லை. நாமே யோசித்துத் தெளிய வேண்டியதாயிருக்கிறது.

கையெழுத்திட்ட பத்திரத்தின் வாசகம் நீரிழிவோடு நில்லாமல் வேறு நோய்களுக்கும் இடம் தந்தது என்பது எதிர்வாதம். ஆங்கிலம் தாய்மொழியல்லாத ஜனங்களிடம், வாயால் ஒன்று சொல்லிக் காகிதத்தில் வேறொன்றுக்கு இடம் வைத்துக்கொண்டால் அது சம்மதமாகுமா? அறியாத காரியத்துக்கு ஒருவன் இசைந்தான் என்பது சொற்புரட்டே.

சேமிப்பே கூடாதென்று நாம் சொல்லவில்லை. இன்று எடுத்து வைத்த ஒரு துளி, பத்து வருஷங்களுக்குப் பின் எழும் கேள்விக்கு விடை தரக்கூடும். வைத்திய சாஸ்திரம் அவ்வாறுதான் வளர்கிறது. ஆனால் அத்துளி ஆராய்ச்சிசாலையின் சொந்தச் சொத்தன்று, அடைக்கலப் பொருள். புதிய காரியம் தோன்றினால் புதிதாகக் கேட்க வேண்டும். வேறொருவருக்குக் கொடுக்குமுன் சொல்ல வேண்டும். முடிவு ஒரு சமூகம் முழுவதையும் பாதிக்குமானால் அச்சமூகத்தையே கலந்துகொள்ள வேண்டும். இவை ஆராய்ச்சியைத் தாமதப்படுத்தும் என்பார்கள். தாமதம் பொறுக்கத்தக்கது. நம்பிக்கை ஒருமுறை முறிந்தால், அடுத்த முறை இரத்தம் கேட்டு வருகிறவனுக்கு எந்தக் கையும் நீளாது.