4 பங்கு காத்திருக்கிறது! டெண்டர் போட ஆள் எங்கே?

பாஞ்சாலங்குறிச்சி, கோவில்பட்டி வட்டாரம் வானம் பார்த்த பூமி. மழை ஏமாற்றினால் தீப்பெட்டி, கடலை மிட்டாய், கருப்பட்டிதான் சோறு போடும்.

"சர்க்கார் டெண்டரா? அதெல்லாம் பெரிய முதலாளிக்குத்தாம்யா!"

கரிசல் காட்டில் இப்படித்தான் பேச்சு. ஆனால் உத்தரவு வேறு சொல்கிறது.

மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுதோறும் வாங்கும் சரக்கில் 100-க்கு 20 பங்கை குறு, சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும் என்று 2012-ல் உத்தரவு வந்தது. 2018-ல் அது 25 ஆனது. இதில் 4 பங்கு தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் நடத்தும் தொழிலுக்கு. 3 பங்கு பெண்கள் தொழிலுக்கு.

டெபாசிட் கிடையாது

டெண்டர் படிவம் இலவசம். டெபாசிட் பணமும் கட்ட வேண்டாம். பெரிய கம்பெனியின் விலையைவிட 15 சதவீதம் வரை கூடுதலாகக் கேட்ட சிறு தொழிலுக்கும் வாய்ப்பு உண்டு. ஆனால் அந்தக் குறைந்த விலைக்கே சரக்குத் தரச் சம்மதிக்க வேண்டும்.

பினாமி வேலை செல்லாது. கூட்டு வியாபாரமானால் 100-க்கு 51 பங்காவது தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் கையில் இருக்க வேண்டும்.

இதில் ஒரு கொக்கி! 4 பங்குக்கு ஆள் வராவிட்டால், அது மற்ற சிறு தொழில்களுக்குப் போய்விடும். பல ஆண்டுகளாக இந்த 4 பங்கு நிரம்பவே இல்லை.

முதல் வேலை 'உத்யம்' பதிவு. 2020 ஜூலை 1 முதல் நடக்கிறது. காலணா செலவில்லை.

தீப்பெட்டி ஒட்டும் கை டெண்டரும் போடலாம். கேட்காமல் விட்டால் பங்கு கைமாறிப் போகும்!