அடுப்படியும் ஒரு பீடமே

"சாமி, விடியுமுன் அடுப்பு, விடிந்தால் பிரட்டு, பொழுது சாய்ந்தால் பிள்ளைகளின் பாடு. செபம் சொல்ல எங்கே நேரம்?" கண்டியைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் குண்டசாலைப் பகுதிக் கிராமங்களிலும் நாம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பெரும்பாலும் தாய்மாரே இதைக் கேட்கிறார்கள். கடவுள் கோவிலுக்குள் இருக்கிறார், நம் வாழ்க்கையோ வெளியே கிடக்கிறது என்ற எண்ணம் இக்கேள்வியின் அடியில் இருக்கிறது. இது சரிதானா?

நற்செய்தியைத் திறந்து பார்ப்போம். ஆண்டவர் இயேசு ஏறத்தாழ முப்பது வயதிலேயே தமது பகிரங்கப் பணியைத் தொடங்கினார். அதற்கு முந்திய காலத்தின் பெரும்பகுதி நாசரேத்தூரில், தச்சுத் தொழிலில் கழிந்தது. பின்னர் அவர் இறையரசைப் பற்றிப் பேசியபோது எடுத்துக்கொண்ட உவமைகள் புளித்த மா, உப்பு, விளக்கு, விதைப்பு, வீடு கூட்டித் தேடிய காசு ஆகியவையே. அடுப்படியையும் வயலையும் கூர்ந்து பார்த்தவருடைய ஞானம் அது.

நம் கண்டி மண்ணிலும் இதற்குச் சான்று உண்டு. கோவாவில் 1651இல் பிறந்த புனித யோசேவாஸ் அடிகளார், 1687இல் ஒரு கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கக் குருக்களுக்குத் தடை இருந்த காலம் அது. 1692இல் கண்டிக்கு வந்தபோது, போர்த்துக்கேய ஒற்றர் என்ற சந்தேகத்தில் சிறைவைக்கப்பட்டார்.

1697இல் கண்டி நகரில் வைசூரி பரவியது. அரசனும் பிரதானிகளும் நகரை விட்டு அகன்றனர். நோயுற்றோரைச் சொந்தக் குடும்பத்தாரே கைவிட்டனர். அடிகளாரும் அவருடைய உறவினரான கர்வாலோ அடிகளாரும் அவர்களைத் தேடிச் சென்றார்கள். தங்குமிடம் அமைத்தார்கள், புண்களைக் கழுவினார்கள், உணவு கொடுத்தார்கள், இறந்தோரை அடக்கம் செய்தார்கள். நோயாளி எந்தச் சமயத்தவர் என்று அவர்கள் பார்க்கவில்லை. பௌத்தரான இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனும் அத்தொண்டை மதித்தான். அடிகளார் 1711 ஜனவரி 16ஆம் நாள் கண்டியில் இறையடி சேர்ந்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015 ஜனவரி 14இல் கொழும்பு காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தார். அவருடைய புனிதத்தின் ஒரு பெரும்பகுதி தண்ணீர் சுமப்பதும் உணவு கொடுப்பதுமாகவே இருந்தது என்பதை நாம் மறக்கக்கூடாது.

குண்டசாலைக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. இங்கே அரண்மனை அமைத்து வாழ்ந்ததால் 'குண்டசாலை அரசன்' எனப்பட்ட நரேந்திரசிங்க மன்னன் 1707இல் அரியணை ஏறினான். யோசேவாஸ் அடிகளாரின் உடனுழைப்பாளரான யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் அவனது நன்மதிப்பைப் பெற்றார். அவர் தமிழையும் சிங்களத்தையும் கற்று, இருமொழிகளிலும் நூல்கள் எழுதினார். அயலவனின் மொழியைக் கற்பதும் விசுவாசத்தின் செயலே. நம் நாட்டில் இன்றும் இது அவசரமாகத் தேவைப்படும் ஞானம்.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். உழைப்பில் கடவுளைக் காணுங்கள் என்பது, கிடைக்கும் கூலியோடு பேசாமல் இருங்கள் என்பதற்கு மறுபெயர் அல்ல. அப்படிப் போதித்தால் அது விசுவாசமாகாது, மயக்க மருந்தாகும். தோட்டத் தொழிலாளருக்கு 1000 ரூபா நாட்சம்பளம் 2021இல் கிடைப்பதற்குப் பல ஆண்டுகள் குரல் கொடுக்கவேண்டியிருந்தது. அந்தக் குரலும் செபமே. யோசேவாஸ் அடிகளார் நோயாளியிடம் பொறுமையை மட்டும் போதிக்கவில்லை, அவருக்குக் கூரை அமைத்துக் கொடுத்தார்.

மகிழ்ச்சி எங்கே பிறக்கிறது? 2022இல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாடே வரிசையில் நின்றது. பலருடைய வீடுகளில் மீண்டும் விறகடுப்பு மூண்டது. அந்நாட்களில் வேலிக்கு மேலால் கைமாறிய பலாக்காயும் மரவள்ளிக்கிழங்கும் எத்தனையோ குடும்பங்களின் பசியாற்றின. இல்லாமை மகிழ்ச்சி தருவதில்லை. இல்லாதபோதும் பகிர்ந்துகொண்டோம் என்ற நினைவே மகிழ்ச்சி தருகிறது.

எனவே, அன்பான தாய்மாரே, செபத்துக்குத் தனியாக ஒரு மணி நேரம் கிடைக்கவில்லையே என்று கலங்கவேண்டாம். இரவில் விளக்கணைக்குமுன் குடும்பமாக இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இன்று நமக்குக் கைகொடுத்தவர் யார்? நாளை நாம் யாருக்குக் கைகொடுக்கவேண்டும்? முதற்கேள்வியின் விடைக்காக ஆண்டவருக்கு நன்றி சொல்லுங்கள். இரண்டாவதன் விடையோடு காலையில் அடுப்பை மூட்டுங்கள். அந்த அடுப்படியும் ஒரு பீடமே.