கெண்டைக்காலைக் காட்டுங்க!

தொக்கணம் என்கிற சித்த மருத்துவத் தேய்ப்புச் சிகிச்சை நடக்கும் அறைக்குள் நுழைகிற எல்லாருடைய கண்ணும் எண்ணெய்க் கிண்ணத்தின் மேல்தான் இருக்கும். உளுந்துத் தைலமா, வாதகேசரித் தைலமா, எவ்வளவு நேரம் தேய்ப்பார்கள் என்று மனசு அதிலேயே ஓடும். தஞ்சையில் நானும் சித்த மருத்துவத்தின் ஒன்பது வகைத் தொக்கணத்தையும் பார்க்கும் ஆசையில்தான் திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று வரிசையாக வரும் என்று காத்திருந்தால், விரல் எண்ணெயைத் தொடுவதற்கு முன்னாலேயே அசல் விருந்து ஆரம்பித்துவிட்டது! “இன்னைக்குத் தேய்க்க வேண்டாம்மா” என்கிற முடிவு எப்படிப் பிறக்கிறது தெரியுமா? ஊர்க்கதை பேசிப் பேசித்தான்.

“வாங்கக்கா. நடவு முடிஞ்சுதா? வயல்ல எலி ஜாஸ்தியா? தம்பி சிங்கப்பூர்லேர்ந்து வந்துட்டாரா?”

வைத்தியர் கேட்பது காதுக்கு வெறும் குசலம். ஆனால் ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் ஒரு நோய் ஒளிந்திருக்கிறது. அது புரிந்த நொடியில் எனக்குக் கைதட்டத் தோன்றியது. பேச்சு ஓடும்போதே மூன்று விரல் மணிக்கட்டில் வாத, பித்த, கபம் பார்க்கும். புறங்கை தோலின் சூட்டைப் பார்க்கும். கண் கண்ணைப் பார்க்கும். நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று சித்த மருத்துவம் சொல்லும் எண்வகைத் தேர்வில் பாதி, செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருவதற்குள் முடிந்துவிடுகிறது.

எல்லாம் கடைசியில் வந்து சேரும் இடம் கெண்டைக்கால். காவிரிப் படுகையின் வாழ்க்கை முழுக்க அந்த ஒரு சதைக்குள் இருக்கிறது என்றே சொல்வேன். மேட்டூர் அணை திறந்து தண்ணீர் வந்து, குறுவையோ சம்பாவோ நடவு தொடங்கினால், நாளெல்லாம் குனிந்து சேற்றில் கால் இழுத்தவர்களுக்கு இரண்டு கெண்டைக்காலும் கல்லாகிப் போகும். காய்ச்சல் இல்லை, வீக்கம் இல்லை, அமுக்கினால் “அப்பாடா” என்கிறார்கள். அவர்களுக்குத் தாராளமாக எண்ணெய் போடலாம்.

அதே வயல், அதே கெண்டைக்கால். ஆனால் இன்னொருவர் தொட்டாலே துடிக்கிறார், திடீர்க் காய்ச்சல், தலைவலி, பீளை கட்டாமல் கண் மட்டும் செக்கச்செவேல். அப்போதுதான் எலிக் கேள்வி வேலை செய்கிறது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து, காலில் உள்ள சிறு வெட்டுக்காயம் வழியாகக் கிருமி புகுந்து, பெரும்பாலும் 5 முதல் 14 நாளுக்குள் எலிக்காய்ச்சலாகக் கிளம்பும். முற்றினால் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் தாக்கும். உழைத்த வலி என்று நினைத்துத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தால், மருந்து எடுக்க வேண்டிய நாள் வீணாகிவிடும். கிண்ணத்தை மூடிவிட்டு உடனே ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள்.

“தொடை இடுக்குல நெறி கட்டியிருக்கா?” என்பது இன்னொரு கேள்வி. கும்பகோணம் பக்கத்துக்காரர்களுக்கு அதன் அர்த்தத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கொசு பரப்பும் யானைக்கால் நோயில் நிணநீர்க் குழாய்கள் பழுதான காலில், குளிர்காய்ச்சலோடு சிவந்து சூடேறும் நாட்கள் வந்துபோகும். அந்த நாட்களில் காலில் கை வைக்கவே கூடாது. சூடு தணிந்த பிறகும் அழுத்திப் பிசைவது கிடையாது. சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் துடைத்து, காலை உயரத் தூக்கி வைப்பதுதான் முதல் வைத்தியம்.

சிங்கப்பூர்க் கேள்விக்கு வருகிறேன், என்னை அசரடித்தது அதுதான்! கூத்தாநல்லூருக்குச் சின்ன சிங்கப்பூர் என்றே பேர். இந்தப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் விமானம் ஏறியவராக இருப்பார். 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து வந்தால், கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007இல் சொன்னது. ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால் தையல்காரர் டேப் வெளியே வரும். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் தட்டுப்படும் எலும்பு மேட்டிலிருந்து 10 சென்டிமீட்டர் இறங்கி, இரண்டு காலையும் சுற்றி அளக்கிறார்கள். 3 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் என்றால் நேரே டாப்ளர் ஸ்கேன். வித்தியாசம் குறைவாக இருந்தாலும் சந்தேகம் இருந்தால் தேய்ப்பதில்லை. தேய்த்த தேய்ப்பில் உறைகட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போனால் உயிரே போய்விடும். ஒரு சாதாரண டேப், ஒரு உயிர்! இதைவிடப் பரவசமான காட்சி எந்த ஆட்டத்தில் கிடைக்கும்?

மற்றவை சட்சட்டென்று நடக்கின்றன. நெஞ்சு இறுக்கத்தோடு இடது கை வலியா, 108-ஐக் கூப்பிடு. இடுப்பு வலியோடு சிறுநீர் அடக்க முடியவில்லை, தொடையின் உட்புறம் மரத்திருக்கிறது என்றால் இன்றே அறுவை மருத்துவரிடம். கீழே விழுந்தவருக்கு முதலில் எக்ஸ்ரே. படர்தாமரை இருந்தால் ஆறட்டும். சாப்பிட்டுவிட்டு நேராக வந்தவரைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்கிறார்கள். அஜீரணக்காரருக்கு எண்ணெய்த் தேய்ப்பு ஆகாது என்பது வாகபடர் தன் ஆயுர்வேத நூலான அஷ்டாங்க ஹிருதயத்திலேயே சொன்னது.

திருப்பி அனுப்புவதிலும் ஓர் அழகு. வெறுங்கையோடு அனுப்பாமல் ஒரு சீட்டு எழுதித் தருகிறார்கள்: எந்தக் கால், எத்தனை செ.மீ., எப்போது பயணம், காய்ச்சல் எத்தனை நாள். அவசரப் பிரிவில் அந்தச் சீட்டைக் காட்டினால் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டாம். 1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி, தன் கண் நோயாளிகளின் விவரங்களைக் கண்ணின் படத்தோடு எழுதி வைக்கச் செய்தவர். அவை தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தில் இன்னும் இருக்கின்றன. அந்த ஊரில் இந்தச் சீட்டைப் பார்க்க எனக்குச் சிலிர்த்தது.

எலிக்காய்ச்சல்காரர் மருந்து முடித்து, தெம்பு வந்து, மருத்துவர் சரி என்ற பிறகு மறுபடி தொக்கணத்துக்கு வரலாம். ரத்தம் உறைந்தவர் சிகிச்சை தரும் மருத்துவரின் எழுத்தோடு வர வேண்டும். ரத்தத்தை இளக்கும் மாத்திரை ஓடுகிற வரை அழுத்தித் தேய்த்தால் தோலுக்கடியில் கன்றிப்போகும். அதனால் நீங்கள் போகும்போது விழுங்குகிற மாத்திரை அட்டைகளையெல்லாம் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். கேட்பதற்கு முன்னாலேயே காட்டுங்கள்!