ஜிசி-க்குள் கிராஷ் ஆனால் எங்கே தேடுவது?

ஜாவா, பைத்தான், ஓகேமல் மாதிரி மொழிகளில் எழுதினால் மெமரியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்பார்கள். பெரும்பாலும் உண்மைதான். ஆனால் நம்ம புதுவாயல், கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஆலைகளில் ஓடக்கூடிய புரோகிராம்களை நினைத்துப் பாருங்கள். மேலே ஜாவாவோ பைத்தானோ இருக்கும். அடியில் எடைமேடையோடும் பிஎல்சி-யோடும் பேச, இயந்திரம் விற்றவர் கொடுத்த ஒரு சி லைப்ரரி இருக்கும். அந்த லைப்ரரிக்கு கார்பேஜ் கலெக்டர் என்று ஒன்று இருப்பதே தெரியாது. இந்த மாதிரி அமைப்பு மூன்று நாள் ஒழுங்காக ஓடிவிட்டு, நாலாம் நாள் நைட் ஷிஃப்ட்டில் ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ என்று படுத்துக்கொள்ளும்.

கோர் டம்பைத் திறந்தால், விழுந்த இடம் ஜிசி-யின் மார்க் செய்யும் ஃபங்ஷன். உடனே “ஜிசி-யில பக்” என்று முடிவுகட்டத் தோன்றும். அவசரப்படாதீர்கள். விடியற்காலையில் குப்பை அள்ள வந்தவர் புதரில் ஒரு பிணத்தைப் பார்க்கிறார். பார்த்தவர் அவர் என்பதற்காகக் கொலையும் அவர் செய்ததாகிவிடுமா? கொன்றவன் முந்தாநாளே ஊரைவிட்டுப் போயிருப்பான். நம்ம புரோகிராம் தனக்குத் தேவையான பொருள்களை மட்டும்தான் தொடும். ஜிசி அப்படி இல்லை, உயிரோடு இருக்கிற ஒவ்வொரு பொருளையும் போய்ப் பார்க்கும். அதனால் கெட்டுப்போன பாயிண்டரை முதலில் மிதிப்பது பெரும்பாலும் அதுதான்.

எப்படிக் கெடுகிறது? சி பக்கம் எல்லை தாண்டி எழுதுவது ஒரு வகை. இன்னொன்று கொஞ்சம் நுட்பமானது. ஓகேமல், ஜாவா போன்றவற்றின் ஜிசி பொருள்களை இடம் மாற்றும். மாற்றியதும், தனக்குத் தெரிந்த பாயிண்டர்களை எல்லாம் புது முகவரிக்குத் திருத்திவிடும். சி ஃபங்ஷன் ஒன்று பழைய முகவரியை ரன்டைமிடம் பதிவு செய்யாமல் தன் லோக்கல் வேரியபிளில் வைத்திருந்தால்? வீடு காலிசெய்து போனவரின் பழைய விலாசத்துக்குத் தபால் போட்ட கதை. அங்கே இப்போது வேறு யாரோ குடியிருப்பார்கள். அதுவும் நடுவில் ஜிசி ஓடினால் மட்டுமே இது நடக்கும், அதனால்தான் டெஸ்டிங்கில் மாட்டாது.

கெட்ட நேரத்துக்கும் தெரிகிற நேரத்துக்கும் உள்ள இடைவெளியைச் சுருக்குவதுதான் வேலையே. ரூபியில் ‘ஜிசி.ஸ்ட்ரெஸ்’ஸை ட்ரூ ஆக்கினால், மெமரி கேட்கும் வாய்ப்பு வரும்போதெல்லாம் ஜிசி ஓடும். புரோகிராம் ஆமையாகிவிடும், ஆனால் மூன்று நாள் காத்திருக்க வேண்டாம். ஜாவாவில் ‘எக்ஸ்செக்:ஜேஎன்ஐ’ போட்டால் சி பக்கத்து அழைப்புகளைச் சோதிக்கும். பைத்தானில் ‘பைத்தான்மேலாக்’கை டீபக் என்று வைத்தால், விடுவித்த இடமெல்லாம் ‘டிடி’ பைட்டால் நிரம்பும். டம்பில் வரிசையாக டிடி தெரிந்தால், செத்துப்போன பொருளை யாரோ இன்னும் தொடுகிறார்கள் என்று அர்த்தம். மொசில்லாவில் பிறந்த ‘ஆர்ஆர்’ இன்னும் அருமை. ஓட்டத்தைப் பதிவு செய்து வைத்து, கெட்டுப்போன முகவரியில் வாட்ச்பாயிண்ட் போட்டு, நேரத்தைப் பின்னோக்கி ஓட்டினால் கடைசியாக அங்கே எழுதிய வரியில் போய் நிற்கும்.

ஆனால் ஆர்ஆர், புராசஸர் ஒழுங்காக வேலை செய்கிறது என்று நம்பித்தான் திரும்ப ஓட்டுகிறது. அந்த நம்பிக்கையே பொய்த்த ஒரு வழக்கு உண்டு.

2016-இல் ஓகேமலை உருவாக்கியவர்களில் ஒருவரான சேவியர் லெராயிடம் ஒரு நிறுவனம் புகார் கொண்டுவந்தது. 4.02-இல் நன்றாக ஓடிய புரோகிராம் 4.03-இல் அவ்வப்போது விழுகிறது. டம்பில் பார்த்தால் ஹீப் கெட்டிருக்கிறது, விழுவது ஜிசி-யில். மெமரி சிப் பழுதோ என்றுதான் அவர் முதலில் நினைத்தார். இல்லை. பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. டம்பை நோண்டுவதைவிட, ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார்கள். இன்டெலின் ஸ்கைலேக் புராசஸரில் மட்டும் விழுகிறது. ஹைப்பர்-த்ரெடிங்கை அணைத்தால் விழவில்லை. ரன்டைமை ஜிசிசி-யின் ‘ஓ2’வில் கம்பைல் செய்தால் விழுகிறது, பழையபடி ‘ஓ1’ என்றால் இல்லை. 4.03-இல்தான் ஓ2-வுக்கு மாறியிருந்தார்கள். இத்தனையும் சேர்த்தால் சந்தேகம் சிலிக்கான்மேல்தான் போகும். ஆனால் அப்போது நிரூபிக்க முடியவில்லை. 2017 ஜனவரியில் வேறொருவரிடமிருந்து அதே அறிகுறிகளோடு இன்னொரு புகார் வந்தது, வழக்கு மறுபடி உயிர்பெற்றது.

ஓகேமலில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தலைப்புச் சொல் உண்டு. கீழ் 8 பிட்டில் பொருளின் வகை, அடுத்த 2 பிட்டில் ஜிசி பூசும் நிறம், மேலே அளவு. நிறத்தை மட்டும் மாற்ற வேண்டும் என்றால், 8 முதல் 15 வரை உள்ள பிட்டுகளைத் தனியாகத் தொட எக்ஸ்86-இல் ‘ஏஹெச்’ போன்ற ரெஜிஸ்டர்கள் இருக்கின்றன. ஓ2-வில் ஜிசிசி சமர்த்தாக அதைப் பயன்படுத்திக்கொண்டது. இன்டெல் தன் பிழைப்பட்டியலில் எஸ்கேஎல்150 என்ற எண்ணில் சொன்னது என்னவென்றால்: 64 கட்டளைகளுக்கும் குறைவான சின்ன லூப்பில் ஏஹெச் வகை ரெஜிஸ்டரையும் அதன் அகன்ற வடிவத்தையும் சேர்த்துப் பயன்படுத்தி, ஒரே கோரின் இரண்டு த்ரெடும் ஓடிக்கொண்டிருந்தால், புராசஸர் தாறுமாறாக நடக்கலாம். ஜிசி-யின் லூப் அச்சு அசலாக அப்படித்தான் இருந்தது. மைக்ரோகோடில் திருத்தம் வந்தது. 2017 ஜூன் 25 அன்று டெபியன் எல்லோரையும் எச்சரித்தது: மைக்ரோகோடைப் புதுப்பியுங்கள், முடியாவிட்டால் ஹைப்பர்-த்ரெடிங்கை அணையுங்கள்.

ஓகேமலுக்கு நம்ம ஊர்த் தொடர்பும் உண்டு. 2022 டிசம்பரில் வந்த 5.0-இல் பல கோர்களில் ஒரே நேரத்தில் ஓடும் ஜிசி சேர்ந்தது. அந்த வேலையை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் ஐஐடி மெட்ராஸின் கே.சி. சிவராமகிருஷ்ணன். பல கோர் என்றால் மெமரியைக் கெடுக்க வழியும் கூடுதல். 5.2-இல் வந்த த்ரெட் சானிடைசர், இரண்டு த்ரெடுகள் ஒரே இடத்தில் முட்டிக்கொள்வதை ஓடும்போதே காட்டிக்கொடுக்கிறது. விலை, வேகமும் மெமரியும். டெஸ்ட் மெஷினில் ராத்திரி முழுக்க ஓட விடலாம்.

வெறும் பைனரியாகக் கையில் கொடுத்த லைப்ரரிக்குள் என்ன நடக்கிறது என்பதை அது பார்க்காது. அதற்கு நான் சிபாரிசு செய்வது பழைய வழி: லைப்ரரியைத் தனி புராசஸில் வைத்து, பைப் வழியாக அளவுகளை மட்டும் வாங்குங்கள். அது விழுந்தால் அது மட்டும் விழும், கோர் டம்பும் அதன் பெயரிலேயே இருக்கும்.