விளையாட்டும் விலையும்

ஒரு பண்டத்துக்கு விலை வகுப்பவர் யாவர் என வினவினால், விற்பவரே எனப் பலரும் விடை கூறுவர். விலைச்சீட்டை எழுதுபவர் விற்பவர் என்பது மெய்யே. ஆயினும், எவ்வளவு எழுதினால் பண்டம் விலைபோகும் என்பதை அவருக்குக் கற்பிப்பவர் வாங்குவோரே ஆவர். அவர்கள் விரைந்து வாங்குகின்றனரா, பொறுத்திருந்து வாங்குகின்றனரா, வாங்காமலே திரும்புகின்றனரா என்னும் பழக்கங்கள் விலையை ஏற்றவும் இறக்கவும் வல்லன. வீடியோ விளையாட்டு வாணிகத்தின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

அமெரிக்க நாட்டில் அட்டாரி என்னும் நிறுவனம், தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடத்தக்க பொறி ஒன்றை 1977ஆம் ஆண்டில் வெளியிட்டது. பொறி ஒன்றே, அதனுள் செருகி ஆடும் கார்ட்ரிட்ஜ் எனப்படும் பேழைகளோ பல. ஒரு பேழையின் விலை ஏறத்தாழ 30 டாலர். கத்தரிக்காய் வாங்குவோர் அதனைத் திருப்பிப் பார்த்துச் சொத்தை இல்லை எனத் தெளிந்து வாங்குவர். ஆட்டப் பேழையை அங்ஙனம் ஆராய இயலாது. அட்டையின்மேல் தீட்டிய ஓவியத்தையும், விளம்பரத்தையும், கேள்வியுற்ற பெயரையும் நம்பியே வாங்குதல் வேண்டும். மக்களும் அவ்வாறே நம்பி வாங்கினர்.

அந்நம்பிக்கையே நிறுவனத்தை மயக்கிற்று. 1982ஆம் ஆண்டில் பேக்-மேன் என்னும் புகழ்பெற்ற ஆட்டத்தை அட்டாரி பேழை வடிவில் விற்றது. 70 இலட்சத்துக்கு மேற்பட்ட பேழைகள் விற்றன. ஆனால், வீட்டுக்குக் கொண்டுசென்று ஆடியவர்கள் மனம் வாடினர். அதில் வரும் பேய் உருவங்கள் ஓயாது மினுக்கிக்கொண்டே இருந்தன. பெயர் இருந்தால் போதும், பொருள் எவ்வாறிருப்பினும் விற்கும் என எண்ணிய நிறுவனம், அவ்வாண்டில் வெளிவந்த ஈ.டி. என்னும் திரைப்படத்தின் பெயரில் மற்றோர் ஆட்டத்தைக் கிறிஸ்துமஸ் விற்பனைக்காக ஏறத்தாழ ஐந்தே வாரங்களில் செய்வித்தது. அதனை ஆடிய சிறுவர்கள் குழியில் விழுவதும் ஏறுவதும் மீண்டும் விழுவதுமாகச் சலிப்புற்றனர். ஒருமுறை ஏமாந்தவர் பொறுப்பர். இருமுறை ஏமாந்தவர் கடைக்கு வருவதையே நிறுத்துவர். பல இலட்சம் பேழைகள் விலைபோகாமல் தேங்கின.

இதற்கிடையில் இலாபத்தைக் கண்டு எண்ணிறந்த நிறுவனங்கள் இத்தொழிலில் புகுந்தன. ஓட்ஸ் தானியம் விற்ற குவேக்கர் நிறுவனமும் ஆட்டப் பேழை செய்யத் தொடங்கியது எனின், ஆசையின் அளவை உய்த்துணரலாம். நொடித்த நிறுவனங்களின் சரக்கைக் கடைக்காரர்கள் 5 டாலருக்குக் கூடைகளில் குவித்து விற்றனர். கையில் 30 டாலர் வைத்திருந்த தந்தை, ஒரு புதிய பேழைக்கு மாற்றாக ஆறு மலிவுப் பேழைகளை வாங்கினார். அவர்மீது குறை கூற இயலாது. ஆயினும், உழைத்து நல்ல ஆட்டம் செய்தவரின் பேழையும் அக்கூடையின் அருகிலேயே விலைபோகாது கிடந்தது. தீயவற்றோடு நல்லவையும் மூழ்கின. 1983இல் ஏறத்தாழ 320 கோடி டாலராக இருந்த வாணிகம், 1985இல் 10 கோடி டாலர் அளவுக்குச் சுருங்கியதாக மதிப்பிடுவர். விற்காத பேழைகள் நியூ மெக்சிகோ மாநிலத்து அலமகோர்டோ நகரில் 1983ஆம் ஆண்டில் மண்ணில் புதைக்கப்பட்டன. 2014ஆம் ஆண்டில் அவ்விடத்தைத் தோண்டியபோது ஈ.டி. பேழைகள் வெளிப்பட்டன.

பின்னர் ஜப்பானிய நிறுவனமாகிய நின்டென்டோ 1985இல் அமெரிக்கச் சந்தையில் புகுந்தது. தன் இசைவின்றிப் பிறர் பேழை செய்யாவண்ணம் பொறியில் பூட்டு ஒன்றை அமைத்தது. ஒரு நிறுவனம் ஆண்டுக்கு ஐந்து ஆட்டங்களே வெளியிடலாம் என்றும் வரையறுத்தது. மக்கள் மீண்டும் நம்பி வாங்கினர். விலையும் தாழாது நின்றது.

இணையம் பரவியபின் பேழைக்கே தேவை குறைந்தது. 2003இல் தோன்றிய ஸ்டீம் என்னும் இணையக் கடை பருவந்தோறும் விலையைக் குறைத்து விற்கத் தொடங்கிற்று. வாங்குவோரும் காத்திருக்கக் கற்றுக்கொண்டனர். பெரிய ஆட்டம் ஒன்றை வெளிவந்த அன்றே ஆட விரும்புபவர் 60 டாலர் கொடுத்தார். 2020க்குப்பின் 70 டாலரும் கொடுக்கலானார். ஓராண்டு பொறுத்தவர் அதனையே பாதி விலைக்கும் அதனினும் குறைவாகவும் பெற்றார். ஆட்டம் செய்யும் செலவோ முற்கூட்டியே முடிந்துவிடுகிறது. எனவே, விரைந்து வாங்குவோர் தரும் பணத்தால்தான் செய்தவர் கடன் தீர்க்கின்றார்.

இதனினும் வியப்பானது இலவச ஆட்டம். கைப்பேசியில் ஆடுவோருள் பெரும்பாலோர் ஒரு காசும் கொடுப்பதில்லை. மிகச் சிலரே ஆட்டத்தினுள் விற்கும் பொருள்களுக்கு வாரி இறைக்கின்றனர். சூதாட்ட விடுதிகளில் வழங்கும் சொல்லைக் கடன்வாங்கி, இவர்களைத் ‘திமிங்கிலங்கள்’ என்பர் இவ்வாணிகத்தார். வலை வீசுபவர் வாயில் வரத்தக்க பெயரே அது! விலை கொடுத்து வாங்கிய ஆட்டங்களிலும் இவ்வழக்கம் புகுந்தது. 2006இல் ஆப்லிவியன் என்னும் ஆட்டத்தில் குதிரைக்குரிய கவசம் 2.50 டாலருக்கு விற்கப்பட்டது. ஏளனம் செய்தவர் பலர்; எனினும் வாங்கியவரும் இருந்தனர். விற்பவர் ஏளனத்தை எண்ணவில்லை. வந்த காசையே எண்ணினார்.

2017ஆம் ஆண்டில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2 என்னும் ஆட்டத்தில், உள்ளே இருப்பது யாதெனத் தெரியாத பெட்டிகளை வாங்கி வலிமை பெறும் முறை இருந்தது. 60 டாலர் கொடுத்தவர்கள் இதுகண்டு கொதித்தெழுந்தனர். வெளியீட்டுக்கு முன்னரே அவ்விற்பனை நிறுத்தப்பட்டது. மறு ஆண்டில் தோற்ற அணிகளை மட்டுமே பணத்துக்கு வாங்கலாம் என விதி மாறிற்று. 2018 ஏப்ரலில் பெல்ஜிய நாட்டுச் சூதாட்ட ஆணையம், வேறு சில ஆட்டங்களில் விற்கப்பட்ட இத்தகைய பெட்டிகள் அந்நாட்டுச் சட்டத்துக்கு மாறானவை என்றது. அவற்றுள் ஒன்று, அதே நிறுவனத்தின் ஃபிஃபா கால்பந்தாட்டம். 2019இல் அந்நிறுவனம் பெல்ஜியத்தில் மட்டும் அவ்விற்பனையைக் கைவிட்டது. பிற நாடுகளில் மக்கள் தொடர்ந்து வாங்கினர். விற்பனையும் தொடர்ந்து நடந்தது.